பைசா வட்டியும் பாடநூல் வட்டியும்: பாடநூல் ஆக்கக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்தின் பாடநூல் ஆக்கக் குழுவினர், சென்னை.

பொருள்: ஏழு, எட்டாம் வகுப்புக் கணக்குப் பாடநூல்களில் வட்டி பற்றிய பகுதிகளைக் குடும்ப வரவு செலவோடு இணைத்து எழுத வேண்டுவது தொடர்பாக.

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். காவிரிக் கரையில், விசைத்தறிச் சத்தம் இரவிலும் ஓயாத ஊரொன்றின் அரசுப் பள்ளியில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கணக்கு ஆசிரியையாகப் பணியாற்றி வருகிறேன். மாநிலக் கல்விக் கொள்கை 2025 ஆகஸ்டில் வெளியான பிறகு பாடத்திட்டத்தை எப்படியெல்லாம் மாற்றலாம் என்று பலரும் பல கோரிக்கைகளை உங்கள் முன் வைத்துவருகிறார்கள். என் கோரிக்கை சிறியது. புதிதாக ஒரு பாடம் சேர்க்கச் சொல்லவில்லை. இருக்கும் பாடத்திலுள்ள கணக்குகளை மாற்றச் சொல்கிறேன்.

எட்டாம் வகுப்பில் 'வாழ்வியல் கணிதம்' இயலில் கூட்டு வட்டி நடத்தி முடித்த மறுநாள், வகுப்பிலேயே நன்றாகக் கணக்குப் போடும் மாணவி ஒருத்தி, மணி அடித்த பிறகும் போகாமல் மேசையருகே நின்றாள். "டீச்சர், மூணு பைசா வட்டின்னா எத்தனை சதவீதம்?" என்று கேட்டாள். அசலையும் காலத்தையும் கொடுத்தால் கூட்டு வட்டிக்கும் தனி வட்டிக்கும் உள்ள வித்தியாசத்தை நொடியில் சொல்லிவிடுபவள் அவள். மறுநாள் அதே கேள்வியை வகுப்பு முழுவதற்கும் போட்டேன். ஒருவருக்கும் விடை தெரியவில்லை. ஆனால் இரண்டு பைசா என்றால் 'பரவாயில்லை', மூன்று என்றால் 'ஜாஸ்தி', ஐந்து என்றால் 'அந்தாளிடம் போகக் கூடாது' என்பது மட்டும் அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. ரூபாய்க்கு மாதம் மூன்று பைசா என்றால் நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய், ஆண்டுக்கு 36 சதவீதம் என்று எழுதிக் காட்டினேன். முந்தைய நாள் கரும்பலகையில் நான் போட்டுக்காட்டிய கணக்கில் வட்டி 8 சதவீதம். அந்த எட்டும் இந்த முப்பத்தாறும் ஒரே அளவுகோலில் நிற்கும் எண்கள் என்று அதுவரை அந்தப் பிள்ளைகளுக்குத் தோன்றியதே இல்லை. உண்மையைச் சொன்னால், அதை அவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று எனக்கும் தோன்றியதில்லை.

குறை எங்கே இருக்கிறது என்பதை அன்றுதான் விளங்கிக்கொண்டேன். பாடநூல் வட்டியை ஆண்டுக் கணக்கில், சதவீதத்தில், அசல் முழுவதும் கடைசி நாள்வரை கடனாளியின் கையிலேயே இருப்பதாக வைத்துக்கொண்டு பேசுகிறது. எங்கள் தெருவில் வட்டி மாதக் கணக்கிலும் வாரக் கணக்கிலும் நாள் கணக்கிலும், பைசாவிலும், முதலிலேயே கழித்துக்கொண்டு கொடுக்கும் தொகையாகவும் பேசப்படுகிறது. இரண்டும் ஒரே கணக்குத்தான். ஆனால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் வழியை ஏழாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை எந்தக் கணக்குப் பாடத்திலும் நாங்கள் காட்டுவதில்லை. தனி வட்டியில் நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளை வீட்டுக்குப் போனால், தன் அம்மா கையெழுத்திடும் தாளைப் படித்துச் சொல்ல முடியாதவளாக நிற்கிறாள்.

தண்டலை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பகுதியில் தள்ளுவண்டிக்காரரும் பூக்காரரும் இட்லிக்கடைக்காரரும் அன்றாடம் பார்க்கும் கடன் இதுதான். பத்தாயிரம் ரூபாய் தண்டல் என்றால் கையில் வருவது ஒன்பதாயிரம். ஆயிரம் முன்கூட்டியே பிடித்துக்கொள்ளப்படும். பிறகு நாளுக்கு நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். சாயங்காலம் வண்டியில் வருபவர் சிறிய அட்டையில் கட்டம் கட்டமாகக் கையொப்பமிட்டுச் செல்வார். இதில் வட்டி எவ்வளவு என்று மாணவர்களைக் கேட்டால், 'பத்தாயிரத்துக்கு ஆயிரம், அப்படியானால் பத்து சதவீதம்' என்பார்கள். கொடுப்பவரும் அப்படித்தான் சொல்வார். ஆனால் கையில் வந்தது பத்தாயிரம் அல்ல, ஒன்பதாயிரம். அந்த ஒன்பதாயிரமும் நூறு நாளும் கையில் இருப்பதில்லை. முதல் நாளிலிருந்தே கரைந்துகொண்டு வருகிறது. சராசரியாகப் பார்த்தால் அந்த நூறு நாளும் அவரிடம் இருந்தது ஏறக்குறைய நான்காயிரத்து ஐந்நூறு ரூபாய்தான். அதற்கு நூறு நாளில் ஆயிரம் ரூபாய் வட்டி என்றால், ஆண்டுக்கு 80 சதவீதத்தை ஒட்டி வருகிறது. நுட்பமாகக் கணக்கிட்டால் 77, 78 என்று நிற்கும். எட்டாம் வகுப்பு மாணவருக்கு அந்த நுட்பம் வேண்டியதில்லை. சராசரி எடுக்கவும் சதவீதம் காணவும் அவருக்கு நாம் ஏற்கெனவே கற்றுக்கொடுத்திருக்கிறோம். தமிழ்நாடு அரசு 2003-இல் கொண்டுவந்த அதீத வட்டித் தடைச் சட்டம் கந்து வட்டி, மீட்டர் வட்டி, மணி வட்டி ஆகியவற்றோடு தண்டலையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. சட்டப் புத்தகத்தில் இடம்பெற்றுவிட்ட சொல் இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் கணக்குப் புத்தகத்துக்குள் வரவில்லை.

வண்டிக் கடனிலும் இதே கதைதான், சற்று நாகரிகமான உடையில். ஐம்பதாயிரம் ரூபாய்க் கடன், இரண்டு ஆண்டு, 'வெறும் 12 சதவீதம்' என்று ஃபைனான்ஸ்காரர் சொல்கிறார். ஐம்பதாயிரத்துக்கு ஆண்டுக்கு ஆறாயிரம், இரண்டாண்டுக்குப் பன்னிரண்டாயிரம், ஆக 62,000 ரூபாயை 24 தவணைகளாகப் பிரித்து, மாதம் 2,583 ரூபாய் கட்டச் சொல்கிறார். மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வரும்போதும் வட்டி முழு அசலுக்கே வாங்கப்படுவதால், குறைந்துவரும் நிலுவைக்குக் கணக்கிட்டால் அந்த வட்டி 21 சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது. ரிசர்வ் வங்கி 2024 அக்டோபர் 1 முதல், தன் மேற்பார்வையில் உள்ள வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தனிநபர்களுக்குக் கொடுக்கும் தவணைக் கடன்களுக்கு, எல்லாக் கட்டணங்களையும் சேர்த்து ஆண்டு வட்டி எவ்வளவு என்பதைத் தெளிவாகக் காட்டும் முக்கிய விவரத் தாள் ஒன்றைக் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்று கட்டாயமாக்கியிருக்கிறது. நல்ல விதிதான். அந்தத் தாளைக் கேட்டு வாங்கலாம் என்பதும், வாங்கினால் எந்த வரியை முதலில் படிக்க வேண்டும் என்பதும் தெரிந்த குடும்பம் எங்கள் தெருவில் எத்தனை இருக்கும்?

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட விரும்புகிறேன். கணக்குத் தெரியாததால்தான் ஏழைகள் கடனில் விழுகிறார்கள் என்பது என் வாதம் அல்ல. அப்படிச் சொல்பவர்களை எனக்குப் பிடிப்பதும் இல்லை. எங்கள் ஊரில் தறி ஓட்டப் போகிறவர்கள் சேரும்போதே முன்பணம் வாங்குகிறார்கள். அந்த முன்பணம் அடையும்வரை வேறு பட்டறைக்குப் போக முடிவதில்லை. வாரக் கூலியில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் அந்த வாரமே பள்ளம் விழுகிறது. 2025 ஜூலையில் பள்ளிபாளையம் பகுதி விசைத்தறித் தொழிலாளர்கள் கடனை அடைக்கச் சிறுநீரகத்தை விற்றதாக வந்த செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள். கூலி உயராமல், மருத்துவச் செலவு குறையாமல், வெறும் பாடம் நடத்தி அந்தக் குடும்பங்களைக் காப்பாற்றிவிட முடியும் என்று நான் நம்பவில்லை. ஆனால் அவசரத்துக்கு ஐயாயிரம் வேண்டியிருக்கும் தாய், வீட்டில் ஒரு கிராம் கம்மல் இருந்தும், அதைக் கூட்டுறவுச் சங்கத்தில் வைத்து ஆண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு சதவீதத்துக்கு வாங்காமல் தண்டல்காரரிடம் போகிறாரே, அந்த ஒரு இடத்தில் கணக்கு உதவும். நகை அடகு வைப்பது அவமானம், தண்டல் வாங்குவது சகஜம் என்று அவர் நினைப்பதற்குக் காரணம், இரண்டின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாரும் காட்டாததுதான்.

தெரியாதவர்கள் பட்டியலில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பணியில் சேர்ந்து சில ஆண்டுகள் கழித்து, என் சம்பளக் கணக்கு இருந்த வங்கிக் கிளையில், டெபாசிட் போடப்போன என்னை உட்காரவைத்து ஒரு காப்பீட்டுத் திட்டத்தை விளக்கினார்கள். ஆண்டுக்கு 50,000 வீதம் பத்தாண்டு கட்ட வேண்டும். பதினைந்தாம் ஆண்டு முடிவில் 7,50,000 கிடைக்கும். "ஐந்து இலட்சம் கட்டி ஏழரை இலட்சம் வாங்குகிறீர்கள், ஐம்பது சதவீத லாபம்" என்றார் அந்த அலுவலர். நானும் தலையாட்டிக் கையொப்பமிட்டேன். அன்று காலையில்தான் மாணவர்களுக்குக் கூட்டு வட்டிச் சூத்திரம் எழுதிப் போட்டுவிட்டு வந்திருந்தேன். பல ஆண்டுகள் கழித்து ஒரு கோடை விடுமுறையில் உட்கார்ந்து கணக்குப் போட்டபோது, அந்தத் திட்டத்தின் ஆண்டு வருமானம் நான்கு சதவீதத்தைக்கூடத் தொடவில்லை என்று தெரிந்தது. பிடிக்கவில்லையென்றால் பத்திரம் கைக்கு வந்த 15 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெற்றுக்கொள்ளலாம் என்ற வசதி அப்போதே இருந்தது. 2024 முதல் அது 30 நாளாகியிருக்கிறது. அது பத்திரத்தின் உள்பக்கத்தில் அச்சிடப்பட்டிருந்ததைப் பதினோராம் ஆண்டில்தான் படித்தேன். கணக்கு ஆசிரியைக்கே இதுதான் நிலை என்றால், பாடநூல் கணக்கும் பணக் கணக்கும் நம் மூளையில் எவ்வளவு தள்ளித் தள்ளி இருக்கின்றன என்று பாருங்கள்.

நம் மக்களுக்குக் கணக்கெழுதும் பழக்கம் இல்லை என்று யாராவது சொன்னால், அவர் எந்த வீட்டிலும் மொய் நோட்டைப் பார்த்ததில்லை என்றுதான் பொருள். எங்கள் பாட்டி வீட்டில் மரப்பெட்டிக்குள் துணி சுற்றி வைத்திருந்த மொய் நோட்டில், யார் எந்த விசேஷத்துக்கு எவ்வளவு எழுதினார், நாம் திருப்பிச் செய்தது எவ்வளவு, இன்னும் நிற்பது எவ்வளவு என்று முப்பது ஆண்டுக் கணக்கு பிசகில்லாமல் இருந்தது. பாட்டிக்கு எழுதத் தெரியாது. எழுதச் சொல்லத் தெரியும். அதுபோலவே, 1989-இல் தர்மபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்களில் கையெழுத்து மட்டுமே போடத் தெரிந்த பெண்கள் ரொக்கப் புத்தகமும் பேரேடும் தீர்மானப் புத்தகமும் பராமரிக்கக் கற்றார்கள். அவர்களுடைய பேத்திகள் இன்று என் வகுப்பில் இருக்கிறார்கள். சந்தா, உள்கடன், நிலுவை, தவணை தவறியவர் என்ற சொற்களெல்லாம் அவர்கள் வீட்டுத் திண்ணையில் புழங்கியவை. அவற்றில் ஒரு சொல்கூட நம் பயிற்சிக் கணக்குகளில் இல்லை. குழுவின் தீர்மானப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை அப்படியே அச்சிட்டு, அதன்கீழ் ஐந்து கேள்வி கேட்டால் போதும்; வகுப்பு தானாகப் பேசத் தொடங்கிவிடும்.

சீட்டும் அப்படித்தான். இருபது பேர், மாதம் ஐயாயிரம், இருபது மாதம், ஒரு இலட்ச ரூபாய்ச் சீட்டு. முதல் ஏலத்தில் ஒருவர் முப்பதாயிரம் தள்ளி எடுக்கிறார். கையில் எழுபதாயிரம் வருகிறது. நடத்துபவரின் கமிஷன் ஐயாயிரம் போக, மீதி இருபத்தையாயிரத்தை இருபது பேருக்கும் பிரித்தால் ஆளுக்கு 1,250 ரூபாய் கசர். அந்த மாதம் ஒவ்வொருவரும் கட்ட வேண்டியது 3,750. இதிலிருந்து எத்தனை நல்ல கேள்விகள் பிறக்கின்றன என்று யோசியுங்கள். முதல் மாதம் எடுத்தவர் கொடுத்த வட்டி எவ்வளவு? கடைசி மாதம் எடுத்தவருக்குக் கிடைத்த வட்டி எவ்வளவு? நடத்துபவர் நடுவில் ஊரை விட்டுப் போனால் நட்டம் யாருக்கு? 1982-ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டம் பதிவைக் கட்டாயமாக்கியிருப்பதும், நடத்துபவரின் கமிஷனுக்கு இருந்த 5 சதவீத உச்ச வரம்பு 2019-இல் 7 சதவீதமாக உயர்த்தப்பட்டதும் இந்தக் கேள்விகளுக்குப் பதிலாகத் தானே வந்து விழும். நகைக்கடைச் சீட்டு ஏன் பெரும்பாலும் பதினோரு மாதத்தில் முடிகிறது என்று கேட்டால் பிள்ளைகளுக்கு இன்னும் சுவையாக இருக்கும்: பொருளுக்கென்று வாங்கிய முன்பணத்தை ஒரு நிறுவனம் 365 நாளுக்குள் பொருளாகத் தந்து கணக்கை முடிக்காவிட்டால், அது சட்டப்படி டெபாசிட் ஆகிவிடும்.

பைசா வட்டியை ஆண்டு வட்டியாக மாற்றத் தெரிந்தவர்கள் ஏமாற மாட்டார்கள் என்று உறுதி சொல்ல முடியாது. ஆனால் ஒரு இலட்சம் போட்டால் மாதம் பத்தாயிரம் தருகிறேன் என்று ஒருவர் வந்து சொல்லும்போது, 'ஆண்டுக்கு 120 சதவீதம். தண்டல்காரர்கூட இதைச் சம்பாதிக்கவில்லையே, இவர் எந்தத் தொழிலில் சம்பாதித்துத் தருவார்?' என்ற கேள்வி மனத்தில் எழும் அல்லவா? வைப்பீட்டாளர்களைப் பாதுகாக்க 1997-இல் நம் மாநிலம் தனிச் சட்டமே இயற்றியது. இருந்தும் நிதி நிறுவன மோசடிச் செய்திகள் நிற்கவில்லை. அவற்றில் பணத்தை இழந்து நிற்பவர்களில் பட்டதாரிகளும் இருக்கிறார்கள். வங்கி டெபாசிட்டுக்கு ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 இலட்சம்வரை காப்பீடு உண்டு, 2020 பிப்ரவரிக்கு முன் அது ஒரு இலட்சம்தான் என்பது என் சக ஆசிரியர்கள் பலருக்கே புதிய செய்தியாக இருந்தது.

இன்னொரு மாற்றத்தையும் நீங்கள் கணக்கில் கொள்ள வேண்டும். முன்பெல்லாம் எங்கள் பள்ளியில் படித்து முடிப்பவர் வேலைக்குப் போன பிறகுதான் வங்கி வாசலை மிதிப்பார். 2022 செப்டம்பரில் புதுமைப் பெண் திட்டமும் 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் திட்டமும் வந்த பிறகு, கல்லூரியில் சேர்ந்த உடனேயே மாதம் ஆயிரம் ரூபாய் பிள்ளையின் கணக்கில் விழுகிறது. மிக நல்ல செயல். ஆனால் என்னிடம் படித்துக் கல்லூரிக்குப் போன பெண் ஒருத்தியின் ஏ.டி.எம். அட்டையும் ரகசிய எண்ணும் அவள் மாமாவிடம் இருப்பதாக அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள். கணக்கைக் கொடுத்துவிட்டோம், அது யாருடையது என்று சொல்லிக்கொடுக்க மறந்துவிட்டோம். கைப்பேசிக் கடன் செயலிகளைப் பற்றியும் இந்த வயதில்தான் பேச வேண்டும். பண மோசடி நடந்தால் உடனே 1930-ஐ அழைக்க வேண்டும் என்ற ஒரு வரியை எல்லாப் பாடநூல்களின் பின்னட்டையிலும் அச்சிடலாம். அதற்குக் குழு எதுவும் கூட வேண்டியதில்லை.

இரண்டு எச்சரிக்கைகள். நான் ஒருமுறை ஆர்வக்கோளாறில், 'வீட்டில் உள்ள கடன் அட்டை ஒன்றைக் கேட்டு வாங்கி வாருங்கள்' என்று வீட்டுப்பாடம் கொடுத்துவிட்டேன். மறுநாள் இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கே வரவில்லை. மூன்றாம் நாள் ஒரு தந்தை வந்து, "எங்க வீட்டுக் கடன் ஊருக்கெல்லாம் எதுக்குங்க டீச்சர்?" என்று தலைகுனிந்தபடியே கேட்டார். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆகவே பாடநூலிலேயே கற்பனைக் குடும்பம் ஒன்றைப் படையுங்கள். தறி ஓட்டும் தந்தை, குழுவில் இருக்கும் தாய், அடகில் இருக்கும் ஒரு சங்கிலி, ஆடி மாதச் செலவு, இடையில் வரும் மருத்துவச் செலவு என்று அந்தக் குடும்பத்தின் வாரக் கணக்கை ஏழாம் வகுப்பில் தொடங்கி பத்தாம் வகுப்புவரை மாணவர்கள் தொடர்ந்து எழுதட்டும். எந்தப் பிள்ளையும் தன் வீட்டைத் திறந்துகாட்ட வேண்டிய நிலை வரக் கூடாது.

மற்றொன்று, நிதிக் கல்வி என்ற பெயரில் வங்கி, காப்பீட்டு நிறுவனம், பங்குத் தரகு நிறுவனம் ஆகியவற்றின் ஆட்களை வகுப்பறைக்குள் விடாதீர்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் பங்குச் சந்தையை விட அவசரமாகத் தெரிய வேண்டியவை எத்தனையோ இருக்கின்றன. ஜாமீன் கையொப்பம் போட்டால் என்ன ஆகும் என்பது அவற்றில் முதலாவது. அதைச் சொல்லிக்கொடுக்க விற்பனைப் பிரதிநிதிகள் யாரும் வரப்போவதில்லை.

தேர்வைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வினாத்தாளில் வராத எதையும் நாங்கள் நடத்துவதில்லை. இது பெருமைக்குரிய உண்மை அல்ல, ஆனால் உண்மை. ஆகவே இந்தக் கணக்குகளை 'உங்களுக்குத் தெரியுமா?' என்ற வண்ணப் பெட்டிக்குள் போட்டு ஓரமாக வைத்துவிடாமல், பயிற்சியிலும் ஐந்து மதிப்பெண் வினாவிலும் வையுங்கள். ஆசிரியர் பயிற்சியில் ஒரு முழு நாளை இதற்கென்று ஒதுக்குங்கள். அந்த நாளில் எங்களை முதலில் எங்கள் சொந்தச் சம்பளப் பட்டியலையும் காப்பீட்டுப் பத்திரத்தையும் எடுத்துவந்து கணக்குப் போடச் சொல்லுங்கள். பிறகு வகுப்பில் நடத்தச் சொல்லித் தனியாகக் கேட்க வேண்டியிருக்காது.

கடந்த மூன்று ஆண்டுகளில் என் வகுப்பில் போட்டுப் பார்த்த நாற்பத்திரண்டு கணக்குகளை ஒரு நோட்டில் எழுதி, அதன் நகலை இம்மடலுடன் உங்கள் அலுவலகத்துக்குப் பதிவு அஞ்சலில் அனுப்பியிருக்கிறேன். சில கணக்குகளில் எண்கள் கரடுமுரடாக இருக்கும். எட்டாம் வகுப்புக்கு ஏற்றபடி நீங்கள் செப்பனிட்டுக்கொள்ளலாம். முதல் கணக்கு மட்டும் அந்த மாணவி கேட்ட மூன்று பைசாக் கணக்கு. அதன் சொற்களை மாற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
அரசுப் பள்ளிக் கணக்கு ஆசிரியை ஒருவர்,
நாமக்கல் மாவட்டம்.